புற ஊதா போலரைசேஷன்: கேலிபரேஷன் விளக்கையே எப்படி நம்புவது?

சூளூர்ப்பேட்டைக்காரன்:
2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்1 கிளம்பியதை எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தபோது பிடித்த பித்து இது. எம்.எஸ்சி. செமினாருக்கு சூரியனின் புற ஊதா போலரைசேஷனை (ஒளி அலை ஒரு திசையில் மட்டும் கூடுதலாக அதிர்வதை) எடுத்திருக்கிறேன். பிடிக்க வேண்டிய சிக்னலே 0.1 சதவீத அளவில்தான் இருக்கும் என்கிறார்கள், ஆனால் கருவிக்குள் இருக்கும் ஆடிகளே அதற்கு மேல் போலரைஸ் செய்துவிடுமாம். சரி, கேலிபரேஷன் என்று சொல்லி, தெரிந்த விளக்கு ஒன்றை வைத்து அந்தப் பிழையை அளந்து கழிக்கலாம். அந்த விளக்கு சுத்தமா என்று எதை வைத்துப் பார்ப்பது? அதற்கொரு கருவி, அந்தக் கருவிக்கொரு விளக்கு என்று போய்க்கொண்டே இருக்கிறதே!

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
தம்பி, விளக்கு சுத்தமாக இருக்க வேண்டியதே இல்லை, திருப்பத் தெரிந்தால் போதும். எங்கள் பள்ளி லேபில் மைக்ராஸ்கோப் ஸ்லைடு ஆறு எடுத்து அடுக்கி, பல்புக்கு முன்னால் 56 டிகிரி சாய்த்து வைத்தேன் (கண்ணாடிக்கு அதுதான் புரூஸ்டர் கோணம், அந்தச் சாய்வில் தெறிக்கும் ஒளி முழுக்கப் போலரைஸ் ஆகும், ஊடுருவி வருவது ஓரளவு ஆகும்). எதிரே ஒளியை அளக்கும் போட்டோடயோடு, அதன் முன்னால் ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் போலராய்டு, சுற்றிக்கொண்டே. +53 சதவீதம் வந்தது. பல்பையும் ஸ்லைடையும் ஒரே பலகையில் கட்டியிருந்ததால் அப்படியே 90 டிகிரி திருப்பினேன். -53 வர வேண்டுமல்லவா, -47தான் வந்தது. உண்மையான சிக்னல் திருப்பினால் குறி மாறும், கருவி சொல்லும் பொய் மாறாது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 3, அது கருவியுடையது. கழித்துப் பாதியாக்கினால் 50, அது விளக்குடையது. அந்த 3 எங்கிருந்து வந்தது என்று அரைநாள் தேடினேன், டயோடு பெட்டியின் மூடிக் கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

பழவேற்காடு:
சூரியனின் புற ஊதா போலரைசேஷனை அளந்த கிளாஸ்ப் ராக்கெட் கருவியிலும் இதே வேலைதான். 2015 செப்டம்பர் 3 அன்று அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து பறந்தது, பார்த்தது லைமன் ஆல்பா என்ற ஹைட்ரஜனின் புற ஊதா ஒளியை, 121.6 நானோமீட்டர். அந்த ஒளியைக் காற்றே விழுங்கிவிடும் என்பதால் கேலிபரேஷன் முழுக்க வெற்றிடத்தில் நடந்தது. சாதாரணக் கண்ணாடியும் உதவாது, மக்னீசியம் ஃபுளூரைடு தகடு வேண்டும். டியூட்டீரியம் விளக்கின் ஒளியை அந்தத் தகட்டில் புரூஸ்டர் கோணத்தில் பட்டுத் தெறிக்கவிட்டால் போலரைஸ் ஆன ஒளி கிடைக்கும். கருவிக்குள் அரை அலைத் தகடு (போலரைசேஷனின் திசையைத் திருப்பும் தகடு) 4.8 விநாடிக்கு ஒரு சுற்று, 0.3 விநாடிக்கு ஒரு படம், ஆக ஒரு சுற்றுக்கு 16. தகடு ஒருமுறை சுற்றுவதற்குள் சிக்னல் நாலு முறை ஏறி இறங்கும், ஒவ்வொன்றுக்கும் நாலு படம் கணக்கு.

அப்புறம் ஒன்று, ஆதித்யாவின் சூட் தொலைநோக்கி 200 முதல் 400 நானோமீட்டர் வரை படம்தான் எடுக்கும், போலரைசேஷன் அளக்காது. செமினாரில் கலந்துவிடாதே.

சூளூர்ப்பேட்டைக்காரன்:
நல்லவேளை சொன்னீர்கள், ஸ்லைடில் கலந்தே வைத்திருந்தேன். ஆனால் பறக்கும்போது விளக்கை யார் திருப்புவது?

பழவேற்காடு:
அங்கே சூரியனே விளக்கு. சூரியத் தட்டின் நட்ட நடுவை நேராகப் பார்த்தால் எந்தத் திசைக்கும் தனிச்சலுகை இல்லை, சிதறலால் வரும் போலரைசேஷன் சராசரியில் பூஜ்யம் ஆகிவிடும். மிஞ்சி ஏதாவது நின்றால் அது கருவியின் வேலை. கிளாஸ்ப் முதலில் நடுவைப் பார்த்துவிட்டுத்தான் விளிம்புப் பக்கம் போனது.

சூளூர்ப்பேட்டைக்காரன்:
மாஷ், எங்கள் லேபில் ஸ்லைடு உடைந்தால் காசு பிடிப்பார்கள். ஆறு கட்டாயமா?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
நாலு போதும். 50க்குப் பதில் 40 பக்கம் வரும், கருவியின் 3 அப்படியேதான் இருக்கும்.