6 நாளாகச் சளி, ராத்திரி தூக்கமே இல்லை

வணக்கம். என் மகளுக்கு 4 வயது. காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டுவிட்டது, பகலில் நன்றாக விளையாடுகிறாள். படுத்தால்தான் தொல்லை: மூக்கு அடைத்து, வாயைத் திறந்தபடி மூச்சு விடுகிறாள், அடிக்கடி எழுந்து அழுகிறாள்.

நேற்றிலிருந்து சளி மஞ்சளாக வருகிறது. உடனே மாமியார், 'ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடு' என்கிறார். சளிக்குக் காரணம் வைரஸ், பெரும்பாலும் ரைனோவைரஸ்; ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது, நிறம் மாறுவதும் வழக்கம்தான், 7 முதல் 10 நாளில் தானே குறையும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். இதை வீட்டில் சொல்லி ஜெயிக்க முடியுமா!

இப்போதைக்குத் தூங்கும் முன் மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, அரை ஸ்பூன் தேன். (சின்னவனுக்கு 8 மாதம்தான், ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்பதால் அவனுக்கு இல்லை.) ஆவி பிடிக்க வைக்கவில்லை, சுடுதண்ணீர் கொட்டிவிடுமோ என்று பயம்.

சொட்டு மருந்தைப் பார்த்ததுமே தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். உங்கள் பிள்ளைகளை எப்படிச் சமாளித்தீர்கள்? அப்புறம், சின்னவனுக்கு ஒட்டாமல் இருக்க, கை கழுவுவதைத் தவிர வேறென்ன செய்யலாம்? அக்கா கடித்துப் போட்ட பொம்மைதான் அடுத்த நிமிஷம் அவன் வாயில் இருக்கிறது.

மூச்சு வாங்கினாலோ மறுபடி காய்ச்சல் அடித்தாலோ டாக்டரிடம் ஓடிவிடுவேன், அதில் சந்தேகமில்லை.