கிளினிக்கல் போஸ்டிங்குக்கு (வார்டு, முகாம், பள்ளி என நேரடிப் பயிற்சிக்கு) சைக்காலஜி மாணவர்களைத் தயார் செய்பவர்களே, இன்னும் உறுத்தும் ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

தஞ்சை வார்டு மேற்பார்வை:

ஆண்கள் மெடிக்கல் வார்டு. பூச்சிமருந்து குடித்த ஒரு பையனைச் சேர்த்து மூன்றாம் நாள். எம்.எஸ்சி. மாணவியின் நோட்டில் இருந்தது இது: "விஷுவல் ஹாலுசினேஷன் உண்டு. தனக்குத்தானே பேசுகிறார். சைக்கோசிஸ் என ஐயம்." அதாவது இல்லாதது கண்ணில் தெரிகிறது, தீவிர மனநோயாக இருக்கலாம் என்று.

அந்தப் பையன் போர்வையிலிருந்து நூல் பிரிப்பதுபோல விரலால் கிள்ளிக் கிள்ளி எடுத்துக் கட்டிலுக்கு வெளியே போட்டுக்கொண்டே இருந்தான். அங்கே நூலே கிடையாது. முகம் சிவந்திருந்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது, கண்மணி அகல விரிந்திருந்தது. விஷமுறிவு மருந்தான அட்ரோபின் ஓடிக்கொண்டிருப்பது கட்டிலில் தொங்கிய சார்ட்டிலேயே எழுதியிருந்தது. மாணவி அதைப் புரட்டவில்லை.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து விஷத்துக்கு அட்ரோபின் ஏற்றும்போது அளவு மிஞ்சினால் டெலீரியம், அதாவது உடல் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம், வரும். காய்ச்சல், வேகமான நாடி, உலர்ந்த வாய், சிறுநீர் அடைப்பு, காற்றில் எதையோ பிடிப்பது எல்லாம் கூடவே வரும். இதை அந்த நிமிடமே டியூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும், ரெக்கார்டில் எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. மனநோயில் காதில் குரல் கேட்பதுதான் அதிகம். கண்ணில் தெரிவது முன்னால் வந்து நின்றால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். சனி, வெள்ளி, வியாழன் வரை வந்துவிட்டு நடுவில் தொலைந்துபோவார்கள். காலையில் தெளிவாகப் பேசியவர் சாயங்காலம் குழம்பினால் சந்தேகம் இன்னும் உறுதி.

போஸ்டிங்குக்கு முன் மாணவர்களுக்கு நான் பழக்குவது ஒன்றைத்தான். வாய் திறக்கும் முன் சார்ட்டில் மூன்றைப் பார்க்க வேண்டும். என்ன மருந்து ஓடுகிறது, காய்ச்சலும் நாடியும் எப்படி இருக்கின்றன, கடைசியாக எப்போது மது குடித்தார். மூன்றாவது பெரும்பாலும் சார்ட்டில் இருக்காது, வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும். கால் எலும்பு முறிந்து ஆர்த்தோ வார்டில் படுத்திருப்பவருக்கு இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி தெரிகிறது என்றால் அது பெரும்பாலும் சரக்கு நின்றதால் வந்த டெலீரியம் ட்ரெமன்ஸ். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

---

திருவாரூர், முதியோர் ஓபி:

தஞ்சை சார் சொன்ன மாணவியின் அதே அவசர முடிவுதான், வேறு இடத்தில். எழுபது வயதைத் தாண்டிய ஆச்சி, பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. மாணவர் எதிரில் உட்கார்ந்து, "நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிச்சுக்கிட்டே வாங்க" என்றார். ஆச்சி முந்தானையைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். ஐந்து மதிப்பெண்ணுக்குப் பூஜ்ஜியம்.

பக்கத்தில் நின்ற அட்டெண்டர் சும்மா பேச்சுக் கொடுத்தார். "ஏன் ஆச்சி, ஒரு வேலி நிலத்துல மூணு மா வித்துட்டா மிச்சம் எவ்வளவு?" அவர் முடிக்கும் முன்பே பதில் வந்தது. "பதினேழு மா." (வேலிக்கு இருபது மா.) இன்னும் மூன்று போனால்? "பதினாலு." இன்னும்? "பதினொண்ணு. எதுக்குய்யா வித்துக்கிட்டே இருக்கே?"

மறதிநோய் இருக்கிறதா என்று பார்க்கும் கேள்வித் தொகுப்பான எம்எம்எஸ்இயில் மொத்தம் 30 மதிப்பெண். அதில் கழித்தலுக்கு 5, படித்துச் செய்வதற்கு 1, வாக்கியம் எழுத 1, ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரைய 1. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இந்த எட்டும் போனால், நினைவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் 22தான் உச்சம். 24க்குக் கீழே போனால் சந்தேகப்படு என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வரும் மாணவர் ஊரில் பாதிப் பேருக்கு மறதிநோய் எழுதிவிடுவார்.

நம் நாட்டில் இதற்காகப் பழக்கத்தில் இருப்பது 40இலிருந்து மும்மூன்றாக, அல்லது 20இலிருந்து ஒவ்வொன்றாகக் கழிக்கச் சொல்வது. எழுத்தறிவில்லாத கிராமத்து முதியவர்களுக்காகவே 1990களில் உருவான ஹெச்எம்எஸ்இ, அதாவது எம்எம்எஸ்இயின் இந்தி வடிவம், இருக்கிறது. தேதி கேட்கும்போது தமிழ் மாதம் சொன்னாலும் கணக்கில் எடுங்கள். "ஐப்பசி பொறந்து பத்து நாளாச்சு" என்பவருக்குக் காலம் நன்றாகவே தெரிகிறது.

அதற்காக அட்டெண்டர் கேட்ட கேள்வியை ஸ்கோரில் சேர்க்கக் கூடாது. தரப்படுத்திய கேள்விக்கு வந்த மதிப்பெண் தனி. மற்றதை "கூடுதல் கவனிப்பு" என்று பக்கத்தில் எழுத வேண்டும். மாணவர்கள் இரண்டையும் குழப்புவது இங்கேதான். தொடங்கும் முன் காது கேட்கிறதா, கண்ணாடி கொண்டுவந்திருக்கிறாரா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

---

கும்பகோணம், கல்லூரிப் பயிற்றுநர்:

தஞ்சை சார், மன்னிக்கவும், எனக்கு உடன்பாடில்லை. முதல் வாரமே அட்ரோபின் கேஸில் மாணவியைத் தனியாக உட்கார வைத்தது யார்? சார்ட் பார்க்கவில்லை என்று அவளைச் சொல்வதற்கு முன்னால் அதைக் கேட்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. கல்யாணமாகி இரண்டு வருடமான பெண், அதே மாதிரி பூச்சிமருந்து. மாமியார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்க, மாணவர் கேட்டார்: "சாகணும்னு நினைச்சுத்தான் குடிச்சீங்களா?" அந்தப் பெண் மாமியாரின் கையிலிருந்த ஹார்லிக்ஸ் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இருமல் மருந்துன்னு நெனச்சுட்டேன்." நோட்டில் "தற்செயல்" என்று பதிவானது.

ஆகவே தயாரிப்பு என்றால் என்ன என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன், நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் கல்லூரியிலேயே ஒத்திகை. மூன்று பேர் குழு: ஒருவர் நோயாளி, ஒருவர் பேட்டி எடுப்பவர், ஒருவர் பார்ப்பவர். நோயாளியாக நடிப்பவருக்கு மறைக்க வேண்டிய ஒரு விஷயத்தைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மூன்றாம் வாரம் வார்டில் பார்ப்பது மட்டும், பேசக் கூடாது. நான்காம் வாரம் மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்க ஒரே ஒரு கேஸ். அதற்குப் பிறகுதான் தனியாக.

முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வையுங்கள்: "என் பேரு இன்னார், சைக்காலஜி படிக்கிற பயிற்சி மாணவி, டாக்டர் இல்ல. நீங்க சொல்றத என் சாரோட மட்டும் பேசுவேன். உங்க உசுருக்கோ வேற யாரோட உசுருக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுவேன். இப்ப பேச வேணாம்னா வேணாம்." நம் ஊரில் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் "டாக்டரம்மா" என்பார்கள். ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும். எம்.எஸ்சி. முடித்தாலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். இது மாணவர்களுக்கே தெளிவாக இருப்பதில்லை.

தற்கொலை பற்றிக் கேட்க ஒரு வரிசை உண்டு. வீட்டாரை வெளியே அனுப்ப வேண்டும், "கொஞ்சம் டீ குடிச்சிட்டு வாங்கம்மா" போதும். பிறகு: வாழ்க்கை அலுத்துப்போச்சா, இருந்து என்ன பயன்னு தோணுதா, உசுர விட்டுடலாம்னு நினைப்பு வருதா, எப்படின்னு யோசிச்சீங்களா, அதுக்கான பொருள் வீட்டுல இருக்கா, முன்னால இப்படி நடந்திருக்கா, அப்போ எது உங்கள நிறுத்துச்சு. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் தவறானது. டெல்டாவில் ஒரு கேள்வி கூடுதல்: மிச்சமான பூச்சிமருந்து எங்கே இருக்கிறது? குறுவைக்கு வாங்கியது சமையலறை மேடைக்கு அடியிலேயே கிடக்கும். டிஸ்சார்ஜுக்கு முன் அதை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவதாக ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டும். யார் ஏற்றார் என்பது பதிவாக வேண்டும்.

"இருமல் மருந்து" என்று ஏன் சொல்கிறார்கள்? போலீஸ் பயம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 115, உயிரை மாய்க்க முயன்றவரை, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மாணவருக்கு இது தெரிந்திருந்தால் குடும்பத்திடம் நிதானமாகப் பேச முடியும். ஆபத்து இருக்கிறது என்று தோன்றினால் அன்றே, அந்த வார்டை விட்டு நகரும் முன்பே மேற்பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 அவர்கள் அடையாள அட்டையின் பின்பக்கம் ஒட்டியிருக்கட்டும்.

---

தஞ்சை வார்டு மேற்பார்வை:

மேடம், தனியாக உட்கார வைத்தது கூடாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு வாரத் தயாரிப்பு என்பதற்குப் பல கல்லூரிகளில் நேரமே இல்லை. மொத்த போஸ்டிங்கே ஒரு மாதம். அந்த நெருக்கடியில் முதலில் காப்பாற்ற வேண்டியது எது என்பதைத்தான் நான் சொன்னேன்.

---

மயிலாடுதுறை, சிறப்புப் பள்ளி:

சுருக்கமாக. செகின் ஃபார்ம் போர்டு, அதாவது கட்டைகளை அதனதன் குழியில் பொருத்த வைத்துக் குழந்தையின் மனவயதைக் கணிக்கும் பலகை. பத்துக் கட்டைகள், மூன்று முயற்சி, மிகக் குறைந்த நேரம்தான் கணக்கு. மாணவி ஸ்டாப் வாட்சைச் சரியாகப் பிடித்தாள், கட்டைகளையும் முறையாக அடுக்கினாள். குழந்தை நட்சத்திரக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அம்மாவின் கண் சரியான குழிக்குப் போனது, குழந்தையின் கையும் அங்கே போனது. மூன்று முயற்சியிலும் அப்படியே. மாணவி ஸ்டாப் வாட்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் அது தெரியவில்லை. வந்த மனவயது நிஜத்தைவிடக் கூடுதல். ஊனச் சான்றிதழுக்கு 40 சதவீதம் எல்லை என்னும்போது இந்த நொடிகள் அந்தக் குடும்பத்தின் உதவித்தொகையையே தீர்மானிக்கும்.

அம்மாவைக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் உட்கார வையுங்கள். மழைக்காலத்தில் மரக்கட்டை ஊறிக் குழியில் இறுகியிருக்கிறதா என்று முதல் நாளே போட்டுப் பாருங்கள்.

---

நாகை, கிராம முகாம்கள்:

இருபது வயதுப் பையன், ஒரு வருடமாகத் தனியே சிரிக்கிறான். தாய் கூட்டிவந்தார். மாணவர் வரலாறு கேட்கும்போதே, "இந்தத் தாயத்தெல்லாம் எதுக்கும்மா, இது வியாதி" என்றார். அந்தத் தாய் மகனின் கையிலிருந்த தாயத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அதன் பிறகு எல்லாக் கேள்விக்கும் "தெரியலை" என்ற ஒரே பதில். அடுத்த முகாமுக்கு அவர்கள் வரவில்லை.

குணசீலத்தில் ஒரு மண்டலம், நாகூர் தர்காவில் சில வாரம், பிறகு வேளாங்கண்ணி, கடைசியில் ஜிஹெச் என்பது இங்கே சாதாரணமான பாதை. அதைக் குறை சொல்லாமல் வரிசையாகக் கேட்டு எழுதக் கற்றுக்கொடுங்கள்: முதலில் எங்கே போனீர்கள், யார் சொல்லி, எத்தனை நாள், என்ன செலவு, அங்கே என்ன மாறியது. எழுதி முடித்தால் நோய் எப்போது தொடங்கியது, மருந்தில்லாமல் எத்தனை மாதம் போனது என்பது தானாகவே கையில் இருக்கும். நேரடியாக "எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. கோயிலுக்குப் போன ஆடி மாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

மாத்திரையையும் வேண்டுதலையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் போதும். ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுக்கக் கூடாது: சங்கிலி. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீயில் மாண்ட 28 பேர் கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள். எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதை 2017 சட்டத்தின் பிரிவு 95 தடை செய்கிறது. வீட்டில் கட்டி வைத்திருப்பதை மாணவர் கண்டால் குடும்பத்தை மிரட்டாமல் உடனே குழுவின் மனநல மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பயத்தில்தான் கட்டியிருப்பார்கள். மருந்து தொடங்கினால் அவிழ்ப்பார்கள்.

---

மன்னார்குடி, பள்ளி ஆலோசனை:

கும்பகோணம் மேடத்தின் முதல் வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது இல்லாததால் நடந்தது இது. ஒன்பதாம் வகுப்புப் பெண். பயிற்சி மாணவி அன்பாகப் பேசி, "நீ என்ன சொன்னாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அந்தப் பிள்ளை சொன்னது சொந்தக்காரர் ஒருவரைப் பற்றி. மாணவி வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று வார இறுதி முழுவதும் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அந்த இரண்டு நாளும் பிள்ளை அதே வீட்டில்தான் இருந்தது.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் 2012, பிரிவு 19: குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காததும் குற்றம் என்கிறது பிரிவு 21. பயிற்சி மாணவர் என்பதால் விலக்கு இல்லை. ஒத்திகையில் இதை ஒரு சீட்டாகப் போடுங்கள். மாணவர் செய்ய வேண்டியது: குறுக்கு விசாரணை செய்யாமல் கேட்பது, பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி நேரம் போடுவது, "நீ சொன்னது சரி, உன் மேல தப்பில்ல, இத ஒருத்தர்கிட்ட நான் சொல்லியாகணும்" என்று பிள்ளையிடமே சொல்வது, அதே மணி நேரத்தில் மேற்பார்வையாளரை அழைப்பது. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

லாக் புக் பற்றியும் ஒன்று. பெயரை நீக்கிவிட்டு ஊர், வகுப்பு, அப்பா தொழில், தங்கைக்கு என்ன வியாதி என்று எல்லாம் எழுதுகிறார்கள். சின்ன ஊரில் அந்த நான்கு வரியிலேயே வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். ஊருக்குப் பதில் "டெல்டா கிராமம்", வயதுக்குப் பதில் "பதின்ம வயது" போதும். கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதை முதல் நாளே தடை செய்யுங்கள். பஸ்ஸில் கேஸ் பேசுவதையும். மன்னார்குடி பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பிள்ளையின் சித்தியாகவே இருக்கலாம்.