சென்னை – சிங்கப்பூர்: டிக்கெட்டில் ஆறே முக்கால், பயணம் நாலேகால்

இரவு 10.45க்குக் கிளம்பி விடிகாலை 5.30க்கு இறங்கும் டிக்கெட்டைப் பார்த்து ஆறே முக்கால் மணி நேரம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. இரண்டு ஊருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், அதைக் கழிக்கணும். திரும்பும்போது சிங்கப்பூரில் காலை 9.00, சென்னையில் 10.50 என்று இருக்கும். அங்கே இரண்டரையைக் கூட்டணும். நேர்க்கோட்டில் தூரம் சுமார் 2,920 கி.மீ. இந்த நாலேகால் என்பது விமானம் இங்கே கேட்டை (பயணிகள் ஏறும் வாசலை) விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே கேட்டில் நிற்கும் வரை. வானில் இருப்பது மூணே முக்கால் மணி நேரம்தான்.

— காற்றையும் சேர்த்துக்கணும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தரையில் தென்மேற்குக் காற்று அடித்தாலும், தென்னிந்தியாவுக்கு மேலே 35,000 அடிக்கு மேல் கிழக்கிலிருந்து பலமாக வீசும். அதனால் போகும்போது பத்துப் பதினைந்து நிமிடம் கூடலாம், வரும்போது குறையும். டெல்லி – டோக்கியோ தடத்தோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. குளிர்காலத்தில் அங்கே போக ஏழரை, வர ஒன்பதரை மணி நேரம் ஆகும்.

— காற்றைவிட மழைதான் பெரிய தொல்லை நண்பரே. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைமழை பெரும்பாலும் விடிவதற்கு முன்னாலும் காலையிலும்தான் சிங்கப்பூரைத் தாண்டும். சென்னையின் ராத்திரி விமானங்கள் சரியாக அந்த நேரத்தில் போய்ச் சேரும். மழை கடக்கும் வரை வானிலேயே வட்டமடிக்கணும். இறங்கிய பிறகும் மின்னல் இருந்தால் தரைப் பணியாளர்கள் வெளியே வரமாட்டார்கள், பெட்டி விமானத்தின் வயிற்றிலேயே கிடக்கும். காலை 8 மணிக்கு வேலை, பரீட்சை என்று இருப்பவர்கள் முந்தின நாளே போய்விடுங்கள்.

இன்னொன்று, ஆறு மணிக்கு வெளியே வந்தால் கும்மிருட்டாக இருக்கும். அங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணி வாக்கில். 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதற்கு முன் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான்.

— கொழும்பு வழியாக விலை குறைவு என்று எடுப்பவர்களுக்கு: 650 கி.மீ. தெற்கே போய், அங்கிருந்து 2,750 கி.மீ. பறக்கும் நேரம் ஒரு மணி சொச்சம்தான் கூடுகிறது, மீதியெல்லாம் காத்திருப்பு. இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருக்கணும். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்தப் பணம் போனதுதான். பெட்டியும் பெரும்பாலும் சிங்கப்பூர் வரை நேராகப் போகாது.

— தேதிதான் பலரைக் கவிழ்க்கிறது. 15ஆம் தேதி 00.30 என்றால் 14ஆம் தேதி இரவு 9.30க்கே மீனம்பாக்கத்தில் இருக்கணும். அதே மாதிரி, சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டில் நிரப்ப வேண்டியது சிங்கப்பூரில் இறங்கும் தேதி, ஏறும் தேதி அல்ல. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் அனுப்பணும். குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம், காசு கேட்கும் தளம் வேறு யாருடையதோ.

— திரும்பும் டிக்கெட்டைப் போகிப் பண்டிகை விடியலில் போடாதீர்கள். பனியும் புகையும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போனால் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ திருப்பிவிடுவார்கள். பகல் பதினொரு மணிக்கு மேல் இறங்குகிற விமானம் உத்தமம்.