வயலுக்கு ‘மருந்து’ வேண்டாம்: பீடையடக்கி, வளர்ப்புயிர் மருந்து, பயன்கூற்று

அன்புள்ள குழுமத்தாருக்கு, வணக்கம்.

மெல்பர்ன் நண்பர் கேட்டது சிறிய கேள்வியாகத்தான் தோன்றியது. ஆஸ்திரேலியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, பயிரிலும் விலங்கிலும் பயன்படும் வேதிப்பொருள்களை இரண்டு வகுப்புகளாகப் பிரிக்கிறது. அந்த இரண்டுக்கும் தமிழில் என்ன பெயர்? ‘வேளாண் வேதிப்பொருள்’, ‘கால்நடை வேதிப்பொருள்’ என்று அன்று மாலைக்குள் மூன்று பேர் ஒரே விடையைத் தந்துவிட்டீர்கள். எனக்கு அந்த விடை ஒப்பவில்லை. மறுப்பதென்றால் மாற்றுச் சொல் கையில் இருக்க வேண்டும் என்பதால் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

முதலில் எங்கள் வீட்டுப் பரணைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். அப்பா வாங்கிவரும் புட்டிகள் எல்லாம் மாட்டுக்கொட்டகைப் பரணில்தான் இருக்கும். நெல்லுக்கு அடிப்பதும் மருந்து, மாட்டு உண்ணிக்குத் தடவுவதும் மருந்து. அம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் “வயல் மருந்தா, மாட்டு மருந்தா?” என்று கேட்டுவிட்டுத்தான் புட்டியைத் தொடுவார். பக்கத்து வீட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை. அங்கே பருத்திக்கு வாங்கிய சைபர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கொஞ்சம் மீதி இருந்தது. முன்பொரு முறை உண்ணிக்காகக் கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்ததும் சைபர்மெத்ரின் என்பது அந்த வீட்டு அண்ணனுக்கு நினைவில் இருந்தது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று எடுத்துக் கன்றின் மேல் பூசிவிட்டார். இரவுக்குள் கன்று எச்சில் ஒழுக நடுங்கி விழுந்தது. விடியும்போது உயிர் இல்லை. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் அல்லர். புட்டியில் இருந்த பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பூசினார்.

வேதிப்பொருள் ஒன்றுதான். வீரியம் வேறு, கரைப்பான் வேறு, கலக்கும் அளவு வேறு. சட்டத்துக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். நம் சொல்லுக்குத்தான் தெரியவில்லை.

இத்தகைய சட்டங்களில் வகைப்பாட்டின் முதல் கேள்வி ‘இது என்ன பொருள்?’ என்பதோடு நிற்பதில்லை. ‘இதை எதன்மேல், எதற்காக இடுகிறார்கள்?’ என்பதுதான் கோட்டைப் போடுகிறது. ஆஸ்திரேலியத் தொகுப்பில் முதல் வகுப்பு, செடி, இடம், பொருள் ஆகியவற்றைத் தாக்கும் உயிரிகளைக் கொல்வது, மயக்குவது, விரட்டுவது, தின்னவிடாமல் செய்வது, அழிப்பதற்காகக் கவர்ந்திழுப்பது, செடியின் உடலியக்கத்தையே மாற்றுவது என்று விரிகிறது. ‘இடம், பொருள்’ என்ற இரண்டு சொற்களால் அது வயலைத் தாண்டிப் போய்விடுகிறது. நீச்சல்குளத்து நீரில் போடும் கிருமிநீக்கியும், கப்பலின் அடிப்பகுதியில் சிப்பி ஒட்டாமல் இருக்கப் பூசும் வண்ணமும் அங்கே சட்டப்படி ‘வேளாண்’ வகுப்பில்தான் வருகின்றன. இரண்டாம் வகுப்பு, விலங்கின் உடலில் செலுத்துவது அல்லது உடல்மேல் இடுவது. ஆட்டுக் கொட்டிலில் ஈயைப் பிடிக்க வைக்கும் இரைநஞ்சு முதல் வகுப்பு. அதே ஆட்டைப் பேனுக்காக முக்கியெடுக்கும் கரைசல் இரண்டாம் வகுப்பு. என் அம்மா கேட்ட கேள்விக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இந்தியாவில் இந்தக் கோடு இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஓடுகிறது. ஒன்று 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிகள் சட்டம். 1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி நஞ்சு கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உணவும் நஞ்சும் ஒரே கப்பலில் அருகருகே ஏற்றப்பட்டு வந்ததன் விளைவு அது. அந்தச் சாவுகளின் பின்னணியில் எழுந்த சட்டம் இது. மற்றொன்று 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டம். மனிதருக்கும் விலங்குக்கும் உள்ளே கொடுப்பதும் வெளியே பூசுவதும் இதில் அடங்கும். ஆகவே பருத்திக்குப் போகும் சைபர்மெத்ரின் முதல் சட்டத்தின் கீழும், மாட்டுக்குப் போகும் சைபர்மெத்ரின் இரண்டாம் சட்டத்தின் கீழும் உரிமம் பெறுகின்றன. பயிருக்கான புட்டியில் சாய்ந்த சதுரமும் நிறமும் இருக்கும். மாட்டுக்கான புட்டியில் ‘மனிதருக்கு அன்று, விலங்குச் சிகிச்சைக்கு மட்டும்’ என்ற பொருளில் ஒரு வாசகமும், வீட்டு விலங்கின் தலைப் படமும் இருக்க வேண்டும். தெரியாமல் இருப்பதற்கு வாய்ப்பே இல்லாத அளவுக்குச் சட்டம் முயன்றிருக்கிறது. பிறகு கடைக்காரர் இரண்டையும் ‘மருந்து’ என்று சொல்லித் தருகிறார்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

‘பூச்சிக்கொல்லி’ என்ற சொல்லோடு எனக்குப் பகை இல்லை. பூச்சியைக் கொல்வதற்கு அது நல்ல சொல். ஆனால் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் களைக்கொல்லி இருக்கிறது, எலிக்கொல்லி இருக்கிறது, பூசணக்கொல்லி இருக்கிறது. செடியை நீட்டி வளர்க்கும் ஜிப்ரலிக் அமிலம்கூட இருக்கிறது. அது எதையும் கொல்வதில்லை. விதைநேர்த்திக்கு நாம் வாங்கும் டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் உயிருள்ள நுண்ணுயிர்கள். அவையும் சட்டப்படி ‘பூச்சிக்கொல்லி’தான். உயிருள்ள ஒன்றை ‘வேதிப்பொருள்’ என்பதும் சரியாக இல்லை. ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர்கள் செய்த பிழையைத் தமிழும் சுமக்க வேண்டுமா என்று சேலத்து நண்பர் கேட்டிருந்தார். சட்டத்தின் தலைப்பை நாம் மாற்ற முடியாது. அது இயற்பெயர், ‘பூச்சிக்கொல்லிகள் சட்டம்’ என்றே இருக்கட்டும். 2020இல் மாநிலங்களவையில் வைக்கப்பட்ட மசோதாவே அந்தத் தலைப்பைக் கைவிட்டு ‘பெஸ்டிசைடு’ என்ற அகன்ற சொல்லுக்குப் போயிற்று. விளக்கவுரையிலும் துண்டறிக்கையிலும் நாம் அகன்ற சொல்லை இன்றே எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அகன்ற சொல் இலங்கையில் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே ‘பீடை’ என்றால் பயிரை வருத்தும் எந்த உயிரும்: பூச்சி, எலி, களை, நோய்க்கிருமி. பள்ளிப் பாடநூலில் ‘பீடை முகாமைத்துவம்’ படித்துத்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பற்றிப் பேசும்போது ‘பீடைநாசினி’ என்று இயல்பாகச் சொல்கிறார்கள். நாம் இங்கே ஐம்பது ஆண்டுகளாக ‘பூச்சி, பூசணம், களை, எலி முதலானவற்றைக் கொல்லும்’ என்று வரி வரியாக எழுதிக்கொண்டிருக்க, அவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வந்தன. தமிழ்நாட்டில் பீடை என்றால் தரித்திரம், கெட்ட சகுனம் என்பது முதலாவது. மெய்தான். ஆனால் ‘நோய் பீடித்தது’ என்று எழுதும்போது யாரும் சகுனத்தை நினைப்பதில்லை. வருத்துவது, பற்றிக்கொண்டு விடாதது என்ற மூலப்பொருள் அங்கே அப்படியே நிற்கிறது. தத்துப்பூச்சியான புகையான் தாக்கிய நெல்வயல் ஒரே வாரத்தில் வட்டவட்டமாகத் தீய்ந்து கிடப்பதைப் பார்த்த உழவர் ‘பீடை’ என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்க மாட்டார்.

இரண்டாவது, அது வடசொல் என்பது. அதற்கு மாற்றாகத் ‘தீங்குயிரி’ என்று ஐயா ஒருவர் முன்வைத்தார். அழகான சொல். ஒரு நாள் முழுவதும் அதை வைத்துக்கொண்டு யோசித்தேன். ஏற்க முடியாததற்குக் காரணம் வேர்ச்சொல் அன்று, சட்டம்தான். ‘தீங்குயிரி’ என்றால் அந்த உயிரின் பிறவிக்குணமே தீங்கு என்று ஆகிவிடுகிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நடவு வயலில் பொன்னாங்கண்ணி களை, அதையே பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோனால் கீரை. பீடை என்பது ஓர் உயிரின் பெயர் அன்று. ஓரிடத்தில் அது படுத்தும் பாட்டின் பெயர். அந்த நுட்பம் வேண்டும் என்பதற்காகவே பீடையைக் கேட்கிறேன்.

அடுத்த பாதி. நாசினியா, கொல்லியா? இந்தியச் சட்டம் நான்கு வினைகளைச் சொல்கிறது: தடுத்தல், அழித்தல், விரட்டுதல், தணித்தல். கொல்லியும் நாசினியும் ஒரு வினையை மட்டும் பிடிக்கின்றன. இனக்கவர்ச்சிப் பொறியில் வைக்கும் குப்பி தானாக எதையும் கொல்வதில்லை. கொசுவிரட்டியும் அப்படியே. ‘அடக்கி’ என்றால் நான்கும் அடங்கும். ஆகவே பொதுப்பெயர் பீடையடக்கி. அதன் கீழே பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூசணக்கொல்லி, பூச்சிவிரட்டி எல்லாம் வகைகளாக நிற்கட்டும். ஜிப்ரலிக் அமிலம் இதிலும் அடங்கவில்லை என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அடங்கவில்லை. அதற்கு ‘வளர்ச்சி ஊக்கி’ என்ற பழகிய பெயர் இருக்கிறது, அதுவே போதும்.

‘பயிர்காப்புப் பொருள்’ என்ற முன்மொழிவை மட்டும் வன்மையாக எதிர்க்கிறேன். அது விற்பவரின் சொல். சாய்ந்த சதுரத்தின் கீழ்ப்பாதியில் சிவப்பு முக்கோணமும் மேல்பாதியில் மண்டையோடும் போட்ட புட்டிக்குக் ‘காப்பு’ என்று பெயர் வைப்பது நியாயமா? உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாக வாய்வழி போனாலே சோதனை விலங்குகளில் பாதி இறந்துவிடும் என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5,000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. சிவப்பிலும் மஞ்சளிலும் ‘நஞ்சு’ என்று அச்சிட வேண்டும் என்பது விதி. உறையில் இந்தி, ஆங்கிலத்தோடு அந்தந்த வட்டார மொழியும் இருக்க வேண்டும் என்பதும் விதி. அந்தத் தமிழ் வரியில் நஞ்சு என்றும், கடைப் பலகையில் மருந்து என்றும் இருக்கும்போது, உழவர் எதை நம்புவார்? தினமும் காதில் விழுவதைத்தான் நம்புவார்.

விலங்குப் பக்கத்தில் ‘மருந்து’ இருக்கட்டும். அது அங்கே உண்மையாகவே மருந்து. ஆஸ்திரேலிய ஆணையத்தின் ஆங்கிலப் பெயரும் விலங்குப் பக்கத்துக்கு மருந்து என்ற சொல்லையே ஆள்கிறது. ஆனால் ‘கால்நடை’ என்ற முன்னொட்டு சிக்கல். நாய்க்கும் பூனைக்கும் கொடுப்பதைக் கால்நடை மருந்து என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். வேதாரண்யத்து இறால் குட்டையில் போடுவதை எப்படிச் சொல்வது? இறாலுக்கு எந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுக்கக்கூடாது என்று பட்டியலே இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தமிழில் ‘கால்நடை மருந்து’ என்று தலைப்பிட்டால், இறால் வளர்ப்பவர் தனக்கானது இல்லை என்று நினைத்துத் தள்ளிவைத்துவிடுவார்.

மாட்டுக்கும் நாய்க்கும் இறாலுக்கும் பொதுவாக நம் பேச்சில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: வளர்ப்பு. மாடு வளர்ப்பு, கோழி வளர்ப்பு, மீன் வளர்ப்பு, இறால் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு. ஆகவே வளர்ப்புயிர் மருந்து. காட்டு யானைக்குச் சிகிச்சை அளிக்கும்போது இது பொருந்தாது என்பது உண்மை. ஆனால் அந்த ஊசியைப் போடுபவர் துறை மருத்துவர், அவருக்குப் பெயரால் குழப்பம் வராது.

மூன்றாவது சொல்தான் எனக்கு மிக வேண்டியது. உறையில் ‘இன்ன பயிரில், இன்ன பீடைக்கு, இன்ன அளவில்’ என்று எழுதி, பதிவுக்குழு ஒப்புக்கொண்ட அந்த வாசகம். அதற்குத் தமிழில் பெயரே இல்லை. ‘பரிந்துரை’ என்கிறார்கள். பரிந்துரை என்றால் கேட்கலாம், கேட்காமலும் விடலாம் என்ற தொனி வந்துவிடுகிறது. நான் முன்வைப்பது பயன்கூற்று. வகைப்பாடு முழுவதும் இந்த ஒன்றில்தான் தொங்குகிறது. வேப்பம்பிண்ணாக்கை உரம் என்று சொல்லி விற்றால் அது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் பக்கம். வேம்பின் அசாடிராக்டினைப் புழுவுக்கு என்று சொல்லி விற்க வேண்டுமானால் பீடையடக்கியாகப் பதிய வேண்டும். மரம் ஒன்று, கூற்று வேறு.

டைக்ளோபெனாக்கை நினைத்துப் பாருங்கள். மூட்டுவலிக்கு மனிதர்கள் இன்றும் எடுத்துக்கொள்ளும் மருந்து. அதைப் போட்ட மாடு இறந்து, அந்த உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006இல் இந்தியா கால்நடைப் பயன்பாட்டுக்கு அதைத் தடை செய்தது. தடுக்கப்பட்டது பொருள் அன்று, ஒரு பயன்கூற்று. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருந்ததால், 2015இல் குப்பியின் அளவையே 3 மில்லியாகக் குறைக்க வேண்டிவந்தது. நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று எஞ்சியிருக்கும் கழுகுகள் அந்த மூன்று மில்லி வரம்பையும் நம்பித்தான் பறக்கின்றன. இதை ஒரு கிராமத்துக் கூட்டத்தில் தமிழில் விளக்க முயன்றபோது, “தடை செய்த மருந்து என்றால் கடையில் எப்படிக் கிடைக்கிறது?” என்று ஒரு பெரியவர் கேட்டார். பயன்கூற்று என்ற சொல் அன்று என்னிடம் இருந்திருந்தால் அவருக்கு நேராகப் பதில் சொல்லியிருப்பேன்.

இன்னும் இரண்டு சிறு சொற்கள். சட்டம் வேதிப்பொருளையும், அது அடங்கிய விற்பனைச் சரக்கையும் தனித்தனியே பதிகிறது. நாம் இரண்டையும் ‘வேதிப்பொருள்’ என்றே எழுதுவதால் பாதிக் குழப்பம். புட்டியில் வருவதைத் தயாரிப்பு என்போம். அதற்குள் வேலை செய்வதை வீரியப்பொருள் என்போம். ‘வீரியம் எவ்வளவு?’ என்று உரக்கடையில் கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு என்பதால் இது புதிதாகவே தோன்றாது. மெல்பர்ன் நண்பருக்கு என் விடை இதுதான்: சட்டத்தின் முதல் வகுப்பை முறையாகப் பெயர்க்கும் இடத்தில் ‘வேளாண் வேதித் தயாரிப்பு’ என்று போட்டு, நீச்சல்குளமும் கப்பலும் அடங்கும் என்று உடனே ஒரு விளக்கவரி சேர்த்துவிடுங்கள். மக்கள் படிக்கும் துண்டறிக்கையில் பீடையடக்கி. இரண்டாம் வகுப்புக்கு இரண்டு இடத்திலும் வளர்ப்புயிர் மருந்து.

யாழ்ப்பாணத்து நண்பரிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கத்து விவசாயிகள் வாய்ப்பேச்சில் களையையும் பீடை என்று சொல்கிறார்களா, இல்லை அது பாடநூலோடு நின்றுவிட்டதா? தோட்டக்காரர் நாலைந்து பேரிடமாவது கேட்டு எழுதுங்கள். அவர்கள் களையை விட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள் என்றால், பீடையடக்கியை நான் மறுபடி யோசிக்க வேண்டும்.