பாரிமுனை, மண்ணடி பக்கம் ஆபீஸ் கூட்டத்தோடு மதியச் சாப்பாடு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கிளியரிங்காரன்:

லிங்கி செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை, துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலையை முடித்துக் கொடுக்கிற ஆபீஸ். கஸ்டம்ஸ் வேலை பாதி கம்ப்யூட்டருக்குப் போன பிறகும் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே அலைச்சல் குறைந்தபாடில்லை. அதனால் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு வருகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் மெல்ல மெல்ல விட்டுப்போய்விட்டது. காலை ஏழு மணிக்குக் கட்டிய சாம்பார் சாதம் மதியம் ரெண்டு மணிக்கு என்ன கதியில் இருக்கும் என்று சித்திரை மாசத்து மெட்ராஸில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஆறு பேர், தலைக்கு நூற்றைம்பது ரூபாய்க்குள், போய்விட்டு வர முக்கால் மணி நேரம். இதுதான் கணக்கு.

தனியாகப் போகிறவன் ருசியைப் பார்த்துக் கடையைப் பிடிக்கலாம். கூட்டமாகப் போனால் கதையே வேறு. எங்கள் குழுவில் அக்கவுண்ட்ஸ் சார் சுத்த சைவம். டாக்குமென்ட் பார்க்கிற தம்பிக்குப் பிரியாணி இல்லாத நாள் நாளே இல்லை. டைப்பிங் அக்காவுக்கு சுகர், சோறு ரெண்டு கரண்டிக்கு மேல் தொட மாட்டார். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு மாசக் கடைசியில் நூறு ரூபாயே அதிகம், ஆனால் வாய் திறந்து சொல்ல மாட்டான், "பசியில்லண்ணா" என்பான். இவர்கள் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார முடிகிற கடைதான் எங்களுக்கு நல்ல கடை. ருசி எல்லாம் அப்புறம்.

அந்தக் கணக்கில் முதலிடம் தம்பு செட்டித் தெரு, அர்மீனியன் தெரு, மூர் தெரு சந்துகளில் இருக்கிற மெஸ்களுக்குத்தான். பெயர்ப்பலகை பார்த்துப் போனால் கண்டுபிடிக்க முடியாது, பல மெஸ் மாடியில் இருக்கும், படிக்கட்டு அகலம் ஒரு ஆள் ஏற, ஒரு ஆள் ஒதுங்கி நிற்க. ஒரு இடத்தில் வாசலிலேயே பெரியவர் ஒருவர் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுப்பார், அளவு சாப்பாடா முழுச் சாப்பாடா என்பது மட்டும்தான் அவர் கேட்கிற கேள்வி. மேலே போனால் இலை போட்டு, தண்ணீர் தெளித்து நாம் துடைப்பதற்குள் பொரியல், கூட்டு, அப்பளம் வந்து விழும். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று அடுத்தடுத்து வாளி வரும், கை ஓய்ந்தால் அடுத்த வாளிக்காரர் நம்மைத் தாண்டிப் போய்விடுவார். நான் ஒரு மெஸ்ஸை எடைபோடுவது ரெண்டாவது தடவை சோறு கேட்கும்போதுதான். சிலர் கேட்கும் முன்னே வாளியைச் சாய்ப்பார்கள். சிலர் கரண்டியை வாளி விளிம்பில் தட்டித் தட்டி, இருபது பருக்கையைப் போட்டுவிட்டு "போதுமா சார்?" என்பார்கள். அந்தக் கடைக்கு மறுபடி போவதில்லை. இன்னொரு மெஸ்ஸில் பில்லில் 'எக்ஸ்ட்ரா ரசம்' என்று தனியாகப் போட்டிருந்தார்கள். அக்கவுண்ட்ஸ் சார் அந்தப் பில்லை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை.

நேரம்தான் ரொம்ப முக்கியம். ஹைகோர்ட்டில் ஒன்றரைக்கு மதிய இடைவேளை, ரெண்டேகால் வரைக்கும். அந்த முக்கால் மணி நேரத்தில் பாரிமுனையைச் சுற்றி எந்த மெஸ்ஸுக்குள் போனாலும் கறுப்புக் கோட்டுதான், ஆறு பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கனவு. நாங்கள் பன்னிரண்டே முக்காலுக்கே கிளம்பிவிடுவோம். பொரியலும் சூடாக இருக்கும்.

மண்ணடிப் பிரியாணியைப் பற்றி எழுதாவிட்டால் தம்பி கோபித்துக்கொள்வான். அங்கப்ப நாயக்கன் தெருப் பக்கம் பதினொன்றரை, பன்னிரண்டுக்கெல்லாம் தேக்ஸா, அதாவது பிரியாணி அண்டா, வாசலுக்கு வந்துவிடும். பாய் கரண்டி எடுக்க மாட்டார், கையில் ஒரு சின்ன பீங்கான் சாசர். அதைச் சட்டியின் ஓரத்தில் செருகி, அடியிலிருந்து மேலே சோறு உடையாமல் ஒரே வீச்சில் அள்ளித் தட்டில் கவிழ்ப்பார், பீஸ் எப்போதும் சோற்றுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். கத்திரிக்காய், தயிர் வெங்காயம் கூடவே வரும், சில இடத்தில் தாளிச்சாவும். பீஸ் வேண்டாம் என்றால் குஸ்கா, கிட்டத்தட்ட பாதி விலை. மாசக் கடைசிக்கு அது நல்ல வழி. வெள்ளிக்கிழமை மட்டும் கணக்கு மாறும். ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தால் தேக்ஸா அடி தெரிய எவ்வளவு நேரமாகும் என்று நினைக்கிறீர்கள்? தொழுகைக்கு முன்னாடியே போய்விடுங்கள். புரட்டாசியில் நேர்மாறு, பாதி மெட்ராஸ் கவுச்சியை விட்டுவிடுவதால் பாய் கடையில் காற்றாடும், கேட்காமலே பீஸ் பெரிதாக விழும்.

இது எங்கள் பக்கம். ராயபுரம், சௌகார்பேட்டைக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கல்மண்டபம் அக்கா:

இருக்கிறேன் தம்பி. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் லாரி புக்கிங் ஆபீஸ், நாங்கள் நாலு பெண்கள். எங்கள் பக்கம் மீன் சாப்பாடுதான், வேறு பேச்சே கிடையாது. காசிமேடு பக்கத்தில் இருக்கும்போது கோழியைப் போய் யார் சாப்பிடுவார்கள்?

இங்கே நல்ல கடை என்பது வீட்டு வாசலில் ஒரு தகரக் கூரை, ரெண்டு பெஞ்சு, ஒரு அம்மா. பக்கத்தில் பெரிய ஓட்டல் இருந்தாலும் நாங்கள் போக மாட்டோம். சோறு, மீன் குழம்பு, ரசம், ஒரு பொரியல், இவ்வளவுதான். குழம்பில் மீன் துண்டு போடுவதும் போடாததும் அம்மாவின் மனசைப் பொறுத்தது. வறுவல்தான் காசு. அதில்தான் புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். தட்டு நிறைய வஞ்சிரம், சங்கரா, கடம்பா, இறா தொக்கு எல்லாம் அடுக்கிக்கொண்டு ஒருத்தர் மேஜை மேஜையாகச் சுற்றுவார். "எடுத்துக்கோமா, சூடா இருக்கு" என்று இலையில் வைத்துவிட்டுப் போய்விடுவார், விலையைப் பற்றி மூச்சு விட மாட்டார். சாப்பாடு என்னவோ சல்லிசுதான், அந்த ஒரு துண்டு வஞ்சிரம் சாப்பாட்டு விலையைத் தாண்டிவிடும். நாங்கள் இலையில் விழும் முன்னாடியே "இன்னைக்கு ரேட் இன்னாணா?" என்று கேட்டுவிடுவோம். அவரும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் பில்லில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது வந்து வஞ்சிரம் கேட்டால் அது வேறு கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாகத்தான் இருக்கும், விலையும் ஏறியிருக்கும். ஃபைபர் படகு பக்கத்துக் கடலில் போய்வருவதால் நெத்திலி, சின்னச் சங்கரா அப்பவும் கிடைக்கும். அந்த ரெண்டு மாசமும் நாங்கள் நெத்திலி வறுவலில்தான் ஓட்டுவோம், நூறு ரூபாய்க்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும். அப்புறம், சில அம்மாக்கள் முந்தின நாள் குழம்பு கொஞ்சம் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள், பழகியவர்களுக்கு மட்டும் ஊற்றுவார்கள். அதைக் கேட்டு வாங்குகிற அளவுக்குப் பழக ரொம்ப நாள் ஆகும். எனக்கு ஆகிவிட்டது.

உங்கள் அக்கவுண்ட்ஸ் சாரை மட்டும் இங்கே கூட்டிக்கொண்டு வராதீர்கள். பாவம், ரசத்தில்கூட மீன் வாசம் வரும்.

தங்கசாலை கணக்கர்:

அவரை எங்களிடம் அனுப்புங்கள். நான் சௌகார்பேட்டையில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி ராஜஸ்தான்காரர், கூட வேலை பார்க்கிறவர்கள் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மார்வாடி. இங்கே சௌகார்பேட்டை என்றாலே எல்லோரும் சாயங்காலம் வந்து முறுக்கு சாண்ட்விச்சும் லஸ்ஸியும் சாப்பிட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். மதியம் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தங்கசாலைத் தெருவை ஒட்டின சந்துகளில் மாடி மாடியாக மார்வாடி மெஸ் உண்டு. உட்கார்ந்தால் பூல்கா என்கிற மெல்லிய சப்பாத்தி வந்துகொண்டே இருக்கும், அடுப்பிலிருந்து உப்பினபடி எடுத்து, நெய் தடவி, நாம் வேண்டாம் என்று கையால் தட்டை மூடுகிற வரை. பருப்பு, ரெண்டு சப்ஜி, கொஞ்சம் சோறு, மோர். ஜெயின் சாப்பாடு போடுகிற இடத்தில் வெங்காயம், பூண்டு மட்டுமில்லை, உருளைக்கிழங்கும் கிடையாது, மண்ணுக்கு அடியில் விளைகிறது எதுவும் கிடையாது. கார்த்திகையில் மாலை போட்டவர்கள், விரதக்காரர்கள் எல்லாம் தைரியமாக வரலாம். உங்கள் சுகர் அக்காவுக்கும் இது நல்லது, ரெண்டு பூல்காவோடு நிறுத்திக்கொள்ளலாம், ஜிலேபி பக்கம் திரும்பாமல் இருந்தால்.

குறை என்றால் ஒன்றுதான், வந்து சேருவது. என்.எஸ்.சி. போஸ் ரோட்டிலிருந்து திரும்பியதும் மீன்பாடி வண்டி, தள்ளுவண்டி, டூவீலர், நடுவில் ஒரு மாடு. பைக்கில் வராதீர்கள், நடந்து வந்தால் சீக்கிரம் வரலாம். எங்கள் முதலாளியே கார் எடுப்பதில்லை.

அப்ரண்டிஸ்:

அண்ணா, அந்தப் "பசியில்லண்ணா" பையன் மாதிரிதான் நானும். அம்மா உணவகத்தை யாருமே சொல்லவில்லையே? 2013-ல் ஆரம்பித்தபோது சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். இன்னைக்கும் நான் அதே விலைக்குத்தான் சாப்பிடுகிறேன். பார்சல் கிடையாது, நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். ரெண்டு சாம்பார், ஒரு தயிர் என்று டோக்கன் வாங்கினால் வயிறு நிறைந்துவிடும். ஆபீஸ் ஆட்களோடு போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்று முதலில் தோன்றும். வரிசையில் பார்த்தால் பேங்க் ஐடி கார்டு தொங்கவிட்டவர்களும் நிற்கிறார்கள்.

கிளியரிங்காரன்:

தம்பி, உன் பதிவைத்தான் எங்கள் பையனிடம் காட்டினேன், அவன் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நாள் டோக்கன் வாங்க அவனே முன்னால் போனான். இப்போது 25-ம் தேதிக்கு மேல் ஆறு பேருமே அம்மா உணவகம், இல்லையென்றால் அத்தோ என்று வைத்திருக்கிறோம்.

அத்தோவை விட்டுவிட்டேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். பீச் ஸ்டேஷன் எதிரில், பர்மா பஜார் பின்பக்கம் தள்ளுவண்டிகள் இருக்கின்றன. அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் கொண்டு வந்த சாப்பாடு. களைகட்டுவது சாயங்காலம்தான், ஆனால் மதியமே போடுகிற வண்டியும் உண்டு. ஆரஞ்சு நிறத்தில் தடி நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், நொறுக்கின பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுப்பானது), புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், வறுத்த மிளகாய்த்தூள், எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூட வாழைத்தண்டு சூப், எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுவார்கள். முட்டையை நடுவில் கீறி, வறுத்த வெங்காயத்தைத் திணித்து மேலே புளியும் எண்ணெயும் விடுவார்கள், அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், கடித்தால் சட்டை போச்சு. அக்கவுண்ட்ஸ் சாருக்கு முட்டை இல்லாத அத்தோ, சூப்பில் மீன் உண்டா என்று வண்டிக்காரரைக் கேட்டுக்கொண்டுதான் குடிப்பார். தலைக்கு நூறைத் தாண்டாது.

கல்மண்டபம் அக்கா, பணம் எப்படிப் பிரிக்கிறீர்கள்? எங்களிடம் ஒருத்தர் மொத்தமாக ஜிபே போடுவார், மற்றவர்கள் சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். சமமாகப் பிரிப்பதில்லை, யார் என்ன சாப்பிட்டாரோ அது. சமமாகப் பிரித்த காலத்தில் தயிர் சாதக்காரர் சுக்கா வறுவலுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார், முகம் கொடுத்தும் பேசவில்லை. சில மெஸ்ஸில் ஒன்றரை மணிக்கு மேல் ஸ்கேனர் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு "கேஷ் இருந்தா குடுங்க சார்" என்பார்கள், அதனால் யாராவது ஒருத்தர் கையில் ஐந்நூறு ரூபாய்ச் சில்லறை இருப்பது நல்லது.

அடுத்த மாசம் எங்களில் மூணு பேரைத் திருவொற்றியூர் கோடவுனுக்கு மாற்றுகிறார்கள். மண்ணடியிலிருந்து மெட்ரோவில் போய்விடலாம், அது பிரச்சினை இல்லை. அக்கவுண்ட்ஸ் சாரும் பிரியாணித் தம்பியும் அந்த மூணு பேரில் அடக்கம். தேரடி பக்கம் சைவமும் கறியும் ஒரே இடத்தில், ஆனால் தனித்தனிக் கரண்டியில் போடுகிற மெஸ் தெரிந்தால் சொல்லுங்கள். மாடியாக இருந்தாலும் பரவாயில்லை.