கடத்தல் கதையில் போலீஸ்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, ஒரு குழந்தைக் கடத்தல் த்ரில்லருக்குத் திரைக்கதை எழுதுகிறேன். போலீஸ் வரும் காட்சிகளில்தான் இழுக்கிறது. “இன்னும் 30 விநாடி பேச வையுங்க, ட்ரேஸ் பண்ணிடலாம்” என்ற அரதப்பழசான வசனத்தைத் தூக்கிவிட்டேன். செல்போன் அழைப்பு எந்த டவர் வழியாக வந்தது என்பது லைன் கட்டான பிறகும் பதிவில் இருக்கும். ஆனால் டவர் காட்டுவது ஒரு பகுதியைத்தான், வீட்டு எண்ணை அல்ல. படங்களிலோ அடுத்த காட்சியிலேயே கதவை உடைக்கிறார்கள்!

காவல்துறையில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: அந்தப் பகுதியிலிருந்து குறிப்பிட்ட வீடு வரை தேடலை எப்படிச் சுருக்குவார்கள்? பணம் கைமாறும்போதே பிடிப்பார்களா, பிள்ளை கிடைக்கும்வரை பின்தொடர்வார்களா? பிள்ளை உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய அம்மாவை என்ன கேட்கச் சொல்வார்கள்? அப்புறம், வீட்டுக்கு மஃப்டியில் வருவதாக எழுதியிருக்கிறேன், சரிதானா? துரத்தல் காட்சி பற்றிக் கவலையில்லை, அதை ஸ்டண்ட் மாஸ்டர் பார்த்துக்கொள்வார்.