கிளாசிக் 350: கம்ப்ரஷனை 10-க்கு ஏற்றினால் பங்க் பெட்ரோல் தாங்குமா?

ஒத்தப்பிஸ்டன்:
2014 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, கார்புரேட்டர் வண்டி. போர் (பிஸ்டன் ஓடும் குழாய்) தேய்ந்துவிட்டது, எப்படியும் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். அதோடு அந்தக் குழாய் இருக்கும் பிளாக்கின் அடியில் 2 மி.மீ. லேத்தில் எடுத்துவிட்டால் கம்ப்ரஷன் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கு) 8.5-லிருந்து 10-க்கு வரும், வண்டி பறக்கும் என்று பட்டறையில் ஆசை காட்டுகிறார்கள். தினமும் ஆபீஸ் போகும் வண்டி, சாதாரண பெட்ரோல்தான் போடுவேன். செய்யலாமா?

லேத்துமணி:
தாராளமாக. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது: 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 46 சிசி, 2 மி.மீ. எடுத்தால் அதில் ஏழே முக்கால் சிசி போய்விடும், 10 வந்துவிடும். டியூக் 390 இதே பங்கில் பெட்ரோல் போட்டு 12-க்கு மேல் ஓடுகிறதே? அமெரிக்காக்காரன் 93 ஆக்டேனில் (பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) 10 சாதாரணமாக ஓட்டுகிறான்.

கொல்லிமலை70:
மணி அண்ணே, டியூக்கை இதில் இழுக்காதீர்கள். அது தண்ணீரில் ஆறும் இன்ஜின், நாலு வால்வு, ஊசிபோல் அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர். நம்முடையது சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால் காற்றுகூடப் படாத இன்ஜின். அப்புறம் அந்த 93 நம்முடைய 93 அல்ல. அவர்கள் பங்கில் எழுதுவது ரான், மான் என்ற இரண்டு ஆக்டேன் அளவுகளின் சராசரி. நம் ரான் கணக்கில் அது 97, 98 ஆகும். நாம் வருடக்கணக்காக ஊற்றிய சாதாரண பெட்ரோல் 91 ரான்.

நானே 10 போட்டு ஓட்டியவன். முதல் வாரம் சொர்க்கம். பிறகு கொல்லிமலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவு முடிந்து மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முறுக்கியதும் தகர டப்பாவில் சல்லிக்கல்லைக் குலுக்குவது போல ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள், நடுவே பளபளவென்று இரண்டு மூன்று அலுமினியப் பொட்டு. அது பிஸ்டனிலிருந்து வந்தது.

லேத்துமணி:
இந்த இன்ஜினில் இரண்டு பிளக் இருக்கிறது தம்பி, சீக்கிரம் எரிந்துவிடும், நாக்கிங்குக்கு (கலவை தானாக வெடித்து வரும் அந்தச் சல்லிக்கல் சத்தம்) நேரமே கிடைக்காது. இப்போது 20 சதவீதம் எத்தனால் வேறு, ஆக்டேன் ஏறித்தான் இருக்கிறது. அப்படியும் தட்டினால் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ளலாம்.

கொல்லிமலை70:
என்னுடையதிலும் இரண்டு பிளக்தான் அண்ணே. எத்தனால் கலந்தால் ஆக்டேன் ஏறுவது உண்மை, ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட்டோடு விட்டால் கலவை மெலிந்து இன்னும் சூடாகும், மெயின் ஜெட்டை மாற்ற வேண்டும். டைமிங்கை எப்படித் தள்ளுவீர்கள்? பழைய புல்லட் மாதிரி பாயிண்ட் தட்டைத் திருப்பும் வேலையா இது? தள்ளினாலும் கம்ப்ரஷனில் வந்த லாபம் அதிலேயே போய்விடும். லாபமே எவ்வளவு என்று பாருங்கள்: 8.5-லிருந்து 10-க்கு ஏட்டுக்கணக்கில் ஐந்து சதவீதம்கூட இல்லை. 19.8 குதிரைத்திறனில் ஒரே ஒரு குதிரை!

டேப்பெட் தாத்தா:
இரண்டு பேரும் வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியை, புஷ்ராடை, மறந்துவிட்டீர்கள். பிளாக்கை 2 மி.மீ. இறக்கினால் ராடு 2 மி.மீ. நீளமானது மாதிரி ஆகிவிடும். எண்ணெய் அழுத்தத்தில் இடைவெளியைச் சரிசெய்யும் ஹைட்ராலிக் டேப்பெட் எவ்வளவுதான் விழுங்கும்? அதற்கு மேல் போனால் வால்வு முழுசாக மூடாது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியும் குறைகிறது, பிஸ்டன் மேல் களிமண் வைத்து இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்காமல் கிக்கர் மேல் காலே வைக்கக் கூடாது.

தம்பி, முதலில் பிஸ்டனுக்கு மேல் மிச்சமிருக்கும் அந்த இடத்தை அளந்து பாருங்கள். என்னுடைய வண்டியில் 46 சிசி இருக்கும் என்று நம்பி மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தால் 48 நின்றது. புத்தகத்தில் 8.5, நிஜத்தில் 8.2. உங்களுடையது 46 என்றே வந்தால் 1 மி.மீ. எடுங்கள், 9.2 வரும். கம்பெனியே இப்போது வரும் 350-இல் 9.5 வைத்துவிட்டது, அதற்கு மேல் போகும் வேலை வேண்டாம்.

லேத்துமணி:
1 மி.மீ. எடுக்கவும் இன்ஜினைப் பிரிக்கத்தானே வேண்டும், 2-ஐ எடுத்துவிட்டுப் போகலாம். நான் சொன்னதில் மாற்றமில்லை.

ஒத்தப்பிஸ்டன்:
தாத்தா, மண்ணெண்ணெய் அளக்க ஊசி எத்தனை மில்லி வாங்க வேண்டும்?

டேப்பெட் தாத்தா:
50 மில்லி. ஒரு பிளக் ஓட்டை உச்சியில் வரும்படி வண்டியைச் சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் காற்று மாட்டிக்கொண்டு குறைவாகக் காட்டும்.